மடிப்பு எடுத்த கோல்கீப்பர்

மூத்த மருமகள் இந்த உலகத்திடம் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. நகையா கேட்டாள், நட்டா கேட்டாள்? கதவு உள்ள ஓர் அறை கேட்டாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு துணி மாற்ற வேண்டும். லீவு நாளில் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். புருஷனோடு சண்டை போட்டால் அது நாலு பேர் காதில் விழாமல் இருக்க வேண்டும். அப்படி ஓர் அறை அவளுக்கு இருக்கத்தான் இருந்தது. கொழுந்தன் தன் செல்போன் கடையை இழுத்து மூடிவிட்டு, "ஒரே ஒரு மாசம் அண்ணி" என்று பெண்டாட்டியோடும் பெட்டிகளோடும் வந்து இறங்கினானே, அன்றைக்குப் போனது. அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஹால்தான் படுக்கை. தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவர்கள் எல்லாரும் அவர்களைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். மாமியார் "ஒத்திப் படும்மா" என்பார். ஓரகத்தி "சாரிக்கா" என்பாள். கொழுந்தன் ஒன்றும் சொல்லாமல் காலை மிதித்துவிட்டுப் போவான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் மாடி ஏற நாளெல்லாம் வழி செய்து கொடுத்துவிட்டு வந்து, தன் வீட்டில் தரையோடு தரையாகக் குறட்டை விடுவான். அவனுக்கு எந்த இடமும் ஒன்றுதான்.

அவள் வேலை பார்த்தது விளையாட்டுக் கார்டுகளைத் தரம் பார்க்கும் ஒரு கம்பெனியில். எந்தக் காலத்திலோ சூயிங்கம் பாக்கெட்டுக்குள் இனாமாக வந்த ஆட்டக்காரர் படங்களை இன்றைக்குக் கையில் காசு உள்ளவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன்னால், அது அசல்தானா, என்ன நிலையில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவதுதான் இவள். விளக்கைச் சாய்த்து வைத்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தி, நாலு முனையும் கூராக இருக்கிறதா, ஓரம் உரிந்திருக்கிறதா, படம் நடுவில் நிற்கிறதா, மேலே கீறல் உண்டா என்று பார்ப்பாள். கடைசியில் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வாள். அவள் எண்ணைச் சொல்லிவிட்டால் அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது.

வீட்டில் நிலைமை வேறு. "காகிதத்துக்கு மார்க் போட ஒரு ஆபீஸ், அதுக்கு ஒரு சம்பளம்!" என்று கொழுந்தன் சிரிப்பான். அவளுக்கு 'மார்க்கு அண்ணி' என்று பட்டப்பெயரும் அவன் வைத்ததுதான். "மார்க்கு அண்ணி, எனக்கு எத்தனை மார்க்?" என்று ஒருநாள் கேட்டான். "அசல்தான். ஆனா ஓரமெல்லாம் ரொம்பத் தேஞ்சிருக்கு" என்றாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேலி செய்கிறவர்களுக்குத் தோல் எப்போதும் மெல்லிசுதான்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தக் கார்டு கிடைத்தது.

மாமியார் ஒரு பெரிய சலவைக் கடையில் வாழ்நாளெல்லாம் இஸ்திரி போட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கடையிலிருந்துதான், இஸ்திரிப் பெட்டியிலிருந்து இல்லை. தலையணை உறை, கைக்குட்டை, பாத்திரம் துடைக்கும் துணி வரை இஸ்திரி போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. "இந்தக் கைக்கு மசியாத மடிப்பு இன்னும் பொறக்கல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். இறந்துபோன மாமனாரின் பழைய கோட்டை யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து, கொடுப்பதற்கு முன்னால் அதையும் இஸ்திரி போட்டபோது, உள்பையில் ஏதோ தடித்தது. கையை விட்டார். ஒரு கோல்கீப்பர் வந்தான்.

"ஏம்மா, உங்க ஆபீஸ் சாமான் மாதிரி இருக்கே, பாரு" என்று நீட்டினார்.

அவள் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கோல்கீப்பர் ஒருவன் அந்தரத்தில் பாய்ந்துகொண்டிருந்தான், விரல் நுனியில் பந்து. பனியனில் இருந்த எண் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாறி இருந்தது. அச்சகத்தில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். முதல் கட்டு கடைக்குப் போன பிறகுதான் தப்பு தெரிந்து, மிச்சத்தை எல்லாம் கிழித்துப் போட்டார்களாம். இந்தக் கார்டைத் தேடுகிறவர்கள் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளே இரண்டு கார்டுதான் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒன்று நாலு, இன்னொன்று ஐந்து.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் போக இன்னொரு தடவை துடைத்து, அதன்மேல் வெள்ளைத் தாளை விரித்துக் கார்டை வைத்தாள். கைப்பையிலிருந்து லென்ஸையும் சின்ன விளக்கையும் எடுத்தாள். மொத்தக் குடும்பமும் மேசையைச் சுற்றி நின்றது. அவளுடைய வேலையை அந்த வீடு மூச்சு விடாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. முனைகள் ஆச்சரியமாகக் கூராக இருந்தன. ஓரம் சுத்தம். பளபளப்பு போகவில்லை. கோட்டுப் பையில் கிடந்ததால் கோல்கீப்பரின் தோளிலிருந்து பந்து வரைக்கும் சாய்வாக ஒரு மடிப்பு, அது ஒன்றுதான் குறை.

"ஆறு" என்றாள்.

"நூத்துக்கா அக்கா?" என்றாள் ஓரகத்தி.

"பத்துக்கு."

கொழுந்தன் முகம் தொங்கிப்போனது. "பத்துக்கு ஆறுதானா?"

"ஆறுதானா இல்ல, ஆறு! இந்தக் கார்டுல அஞ்சுக்கு மேல இதுவரைக்கும் யாரும் பார்த்ததே கிடையாது. நம்மளோடதுதான் இருக்கறதுலயே பெருசு. ஆறே போதும், இதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கிறவங்க இருக்காங்க."

"அஞ்சு, ஆறெல்லாம் ஒரு மார்க்கா அண்ணி? நானே ஸ்கூல்ல அதவிட அதிகமா வாங்கியிருக்கேன்."

"எந்த ஸ்கூல்லடா?" என்று கேட்டான் அவள் புருஷன். அவன் அன்றைக்குப் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு மார்க் கூட்டிப் போட்டா உன் கை தேஞ்சா போயிரும்? ஊர்ல உள்ளவன் கார்டுக்கெல்லாம் ஒம்பது, பத்துன்னு அள்ளிப் போடுற. சொந்த மாமனார் கார்டு, அதுக்குப் போய் ஆறா?"

"இது பரீட்சை இல்ல அத்தை. கேட்டு வாங்கறதுக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு மறுபடியும் லென்ஸைக் கண்ணில் வைத்தாள். அந்த முனைகளின் அழகைப் பார்த்ததும் தொழில் தெரிந்தவளின் மனசு முந்திக்கொண்டு, "இந்த ஒரு மடிப்பு மட்டும் இல்லன்னா, கண்ண மூடிக்கிட்டு எட்டு போடலாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். பிறகு கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் நழுவவிட்டு, கெட்டியான அட்டைக் கூட்டில் வைத்து, எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் சொன்னாள்: "இத யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது, அழுத்தக்கூடாது, ஒட்டக்கூடாது. கை வெச்சா மார்க் குறையாது, மார்க்கே கிடையாது. வெறும் காகிதம். புரிஞ்சுதா?"

"ம்" என்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குக்குக்கூட அவ்வளவு பதில் வராது. அவள் சொன்னதில் ஆறே போதும் என்பதைக் காற்றில் விட்டார்கள். கை வைக்காதே என்பதைக் காற்றில் விட்டார்கள். மடிப்பு இல்லாவிட்டால் எட்டு என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தரம் பார்க்கிறவர்களின் வீட்டுக் கார்டை அவர்கள் கம்பெனி தரம் பார்க்க எடுத்துக்கொள்ளாது, அது சட்டம். வேறு கம்பெனியில் வரிசையில் போட்டால் முறை வர மாதக்கணக்கில் ஆகும். ஹாலில் படுக்கிறவளுக்கு மாதக்கணக்கு எல்லாம் கட்டுப்படியாகாது. தெரிந்த தரகர் ஒருவருக்குக் கார்டைப் படம் பிடித்து, 'ஆறு' என்று எழுதி அனுப்பினாள். அவர் மூலம் ஒரு பெயின்ட் வியாபாரி கிடைத்தார். அந்தக் கார்டு வெளிவந்த தொகுப்பில் மற்ற எல்லாக் கார்டும் அவரிடம் இருக்கிறது, இந்தக் கோல்கீப்பர் ஒருவன்தான் பாக்கியாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்து, கையோடு பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகைக்குக் கொழுந்தன் ஒரு கடைக்கு முன்பணம் கட்டிவிடலாம். கடைக்கு மேலேயே இரண்டு அறைகள், குடியும் போய்விடலாம். அவனும் ஓரகத்தியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சண்டை அவள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

அவளும் சும்மா இருக்கவில்லை. தன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கொழுந்தன் எப்போதோ இழுத்து உடைத்திருந்தான். வேலை முடிந்து வரும் வழியில் ஹார்டுவேர் கடைக்குப் போய், பித்தளையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் காட்டினாள். "என்னங்க, ரூமுக்குத் தாழ்ப்பாள் வாங்கியிருக்கேன். அவங்க காலி பண்ண அன்னைக்கே மாட்டிடணும், சரியா?" அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே "ம்" என்றான். அவள் அதைத் திரும்பக் கைப்பையில், லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் வியாபாரி வந்தார். ஆள் ஆஜானுபாகு, குரல் மட்டும் கீச்சுக்குரல். கையில் ஓர் ஆல்பம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத் திறந்து, வெறுமையாக இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். "இந்த ஓட்டைய பார்த்துப் பார்த்தே எனக்கு வயசாயிடுச்சும்மா" என்றார். "எனக்கு ஆசை இருக்கு, கண்ணு இல்ல. எவனோ கை வெச்சதை எல்லாம் அசல்னு நம்பி ரெண்டு தடவ ஏமாந்துட்டேன். உங்களப் பத்தி விசாரிச்சேன். நீங்க ஒண்ணு சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்லன்னாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க, எனக்கு அது போதும்."

அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொழுந்தன் அதைக் கேட்டானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். கேட்டான். பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, கார்ட எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மாமியார் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். புதுப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முகத்தில் ஓர் அடக்கமான பெருமிதத்தோடு வந்தார். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன இவர்களுக்கெல்லாம் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே, அவள் கார்டை உறையிலிருந்து வெள்ளைத் தாளின்மேல் நழுவவிட்டாள்.

மடிப்பு இல்லை.

கோல்கீப்பர் தோளிலிருந்து பந்து வரை வழுவழுவென்று பாய்ந்துகொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். மாமியார், எப்படி, என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்.

விளக்கைச் சாய்த்தாள். அசலான பளபளப்பு இருந்த இடத்தில் மங்கலாக ஒரு முக்கோணம் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு. லென்ஸில் பார்த்தால் மடிப்பில் உடைந்த நார்கள் செத்துப் படுத்திருந்தன. ஈரம் குடித்த ஓரம் ஒரு நூல் உப்பியிருந்தது. எந்த மடிப்பும் மசியும் கை, இந்த மடிப்பையும் மசிய வைத்துவிட்டது. அலறவேண்டும் போல இருந்தது. முன்பின் தெரியாத மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அட, போட்டோல குறுக்கால ஒரு மடிப்பு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே?" என்றார் வியாபாரி.

"அது வெளிச்சம் சார்" என்றான் கொழுந்தன், கேள்வி முடியும் முன்னால். "போட்டோ எடுத்தப்ப நிழல் விழுந்துருச்சு. கார்டு எட்டுக்குக் குறையாது சார். அண்ணியே சொன்னாங்க."

வியாபாரி அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. கை வெச்சிருக்காங்களா?"

ஒரே ஒரு வார்த்தை. 'இல்லை' என்றால் போதும். பெரிய மனுஷர் பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கார்டை ஆல்பத்தில் செருகிக்கொண்டு போய்விடுவார். அவருக்குக் கண் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் கொழுந்தன் பெட்டி கட்டுவான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த 'இல்லை' அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவள் என்பதால் அவள் அதை விழுங்கவில்லை. கோபத்தில் விழுங்கினாள். அறையைக் கொடுத்தாள், பீரோவைக் கொடுத்தாள், தூக்கத்தைக் கொடுத்தாள். இந்த வீட்டில் அவளுடையது என்று மிச்சம் இருந்தது இந்தக் கண் ஒன்றுதான். அதையும் சேர்த்து இஸ்திரி போடச் சொல்கிறார்களா?

"கை வெச்சிருக்காங்க" என்றாள். "இஸ்திரி போட்டிருக்காங்க."

வாயைப் பொத்தியிருந்த ஓரகத்தியின் கை கீழே இறங்கியது.

வியாபாரி கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுக்கு என்ன நம்பர்?"

"நம்பர் கிடையாது சார்."

"அடடா" என்றார் அந்தக் கீச்சுக்குரலில். கோபமே இல்லை அவருக்கு. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "ஏம்மா இப்படிப் பண்ணிட்டாங்க? போட்டோல மடிப்பப் பார்த்துட்டு, சரின்னுதானே நான் கிளம்பி வந்தேன்? மடிப்போடயே வாங்கியிருப்பேனே. அந்த ஆறுக்குத்தானே நான் விலை சொன்னேன்?" ஆல்பத்தை மூடினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கோல்கீப்பரை இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனார். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

கதவு மூடியதும் வீடு வெடித்தது.

"வீடு தேடி வந்த சீதேவிய விரட்டி விட்டுட்டீங்களே அண்ணி!" என்று கத்தினான் கொழுந்தன். "வெண்ணெ திரண்டு வர்றப்ப தாழிய உடைக்கறதுன்னா இதுதான். உங்கள யாரு பெரிய அரிச்சந்திரி ஆகச் சொன்னது? அந்த ஆளுக்கு என்ன தெரியும்?"

"தாழிய உடைச்சது நானா?" அவளுக்குக் குரல் உடைந்தது. "தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, தொடாதீங்க, தொடாதீங்கன்னு!"

"இளஞ்சூட்டுலதாம்மா போட்டேன்" என்றார் மாமியார். முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் முழுசாக இறங்கவில்லை, என்ன தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. "லேசா தண்ணி தெளிச்சு, மேல மல்லுத் துணி போட்டு, பட்டுக்குப் போடற சூட்டுலதான். ஒரு பொசுங்கல் இல்ல, பாரு. மடிப்பு போனா எட்டுன்னு நீதானே சொன்ன?"

"மடிப்பு இல்லன்னா எட்டுன்னேன் அத்தை! போனா எட்டுன்னு சொல்லல!"

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றாள் ஓரகத்தி.

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "என்னமோ நான் ஆசையா அந்தாள விரட்டின மாதிரி பேசறீங்களே. இந்தப் பணம் வந்தா யாருக்கு லாபம்? உங்களுக்குக் கடை. எனக்கு என் ரூம்! ராத்திரி யாரும் என் காலை மிதிக்காத ஒரு எடம்! உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் அந்தக் காசு வேணும். இல்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, தெரியுமா? வாய் வரைக்கும்."

யாருக்கும் தெரியவில்லை. ரூம் என்றதும் கொழுந்தன் தரையைப் பார்த்தான். ஆனாலும் தோற்றுப்போனவனுக்குக் கடைசியாக ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "எனக்கு என்ன கார்டப் பத்தித் தெரியும்? ஆறுன்னா ஃபெயில் மாதிரின்னு நினைச்சேன். அந்தாளு ஆறுக்கே ரெடியா இருந்திருக்கான். ஆறே போதும்னு வீட்டுல யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அம்மா ஏன் அதப் போய்த் தொடப்போறாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லி அலுத்துப்போன வாய், அப்படியே மூடிக்கொண்டது.

"சொன்னாடா" என்றார் மாமியார்.

கார்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார். இப்போதுதான் விளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில் அந்த முக்கோணம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாழ்நாளில் எத்தனை துணியில் அதைப் பார்த்திருப்பார். கட்டை விரலால் அதை மெல்லத் தேய்த்தார், போகவில்லை.

"அவ சொன்னா. ஆறே போதும்னு இந்த மேசைலதான் சொன்னா. நான்தான் ஆறு கம்மின்னு நினைச்சேன்."

ஒரு மனுஷி சொன்னதை ஒரு வீடு கடைசியில் கேட்டுவிட்டது. கேட்டு என்ன பிரயோஜனம்? சட்டியில் இருந்ததெல்லாம் அடுப்பில் கொட்டிய பிறகு உப்பு சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். அவளுக்கு ஆறுதலாக இல்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

லென்ஸை உள்ளே வைக்கக் கைப்பையைத் திறந்தாள். தாழ்ப்பாள் கையில் தட்டுப்பட்டது. இனி இதைச் சுமந்துகொண்டு திரிவானேன் என்று எடுத்து மேசையில், கோல்கீப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதுவரைக்கும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்த புருஷன் கிட்டே வந்தான். தாழ்ப்பாளை எடுத்தான். மெக்கானிக் அல்லவா, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போனது.

"நல்ல சாமானா இருக்கே" என்றான். "இது எதுக்கு?"

அவள் அவனையே பார்த்தாள்.

"உங்ககிட்டயும் சொன்னேன்" என்றாள்.